புகையும் கல்லும் புகையும் மலையும்: ஒரு தபால்தலை செய்த வேலை

போன மாசம் ஒகேனக்கல் போயிருந்தேன். பெங்களூருல இருந்து பைக்ல கிளம்பி, பென்னாகரத்துல டீ குடிச்சு, காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு இறங்குற அந்த ரோடு. உங்கள்ல பாதிப் பேர் போயிருப்பீங்க. எண்ணெய் மசாஜ், வாழையிலையில மீன் வறுவல், பரிசல், ஈரத்துணியோட திரும்ப வர்றது. வழக்கமான ஒகேனக்கல்.

அங்க பரிசல்ல உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒரு பழைய கேள்வி ஞாபகம் வந்துச்சு. எட்டு வயசுல என் மாமாகிட்ட கேட்டது. மாமா கிராமத்துக் கிளை அஞ்சலகத்துல வேலை பார்த்தவர். ஸ்டாம்ப் சேர்ப்பார். வீட்டுக்கு வர்ற உறையை எல்லாம் ஓரமா வெட்டி, கிண்ணத்துத் தண்ணியில ஊறவச்சு, பசை கரைஞ்சதும் ஸ்டாம்பை உரிச்சு எடுத்து, பழைய தினசரி மேல கவுத்துப் போட்டுக் காயவைப்பார். 2006 கடைசியில ஒரு நாள் புதுசா அஞ்சு ஸ்டாம்ப் காட்டினார். அஞ்சும் இமயமலை ஏரிகள். நீலத் தண்ணி, பின்னாடி பனி மலை. அவர் ஆல்பத்துல அதுக்கு முந்தின பக்கம் 2003ல வந்த அருவி வரிசை இருந்துச்சு. ஜோக், அதிரப்பள்ளி, கெம்ப்டி, பீகாரோட ககோலத்.

நான் கேட்டேன்: "மாமா, நம்ம ஒகேனக்கல் ஏன் இதுல இல்ல?"

மாமா சிரிச்சுட்டு, "எந்தக் கரையில நின்னு படம் எடுப்பாங்க?"ன்னு திருப்பிக் கேட்டார். அப்போ எனக்குப் புரியல. ரெண்டு வருஷம் கழிச்சு நல்லாவே புரிஞ்சுது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

இந்த எபிசோட் அழகான காட்சி போட்ட ஸ்டாம்புகளைப் பத்தினது. ஏரி, மலை, அருவி. கேட்டா ரொம்ப சாதுவான விஷயம் மாதிரி தெரியும். தலைவர் படம் போட்டா அரசியல், போர் நினைவு போட்டா அரசியல். ஏரி படத்துல என்ன இருக்கப் போகுது? நானும் அப்படித்தான் நினைச்சேன், மொமோடோம்போ கதையைப் படிக்கிற வரைக்கும்.

ஒகேனக்கல்னா என்ன அர்த்தம்னு தெரியும்தானே? கன்னடத்துல 'ஹொகே'ன்னா புகை. புகையும் கல். தண்ணி பாறையில மோதி எழும்புற சாரல் தூரத்துல இருந்து பார்த்தா புகை மாதிரி இருக்கும், அதனால அந்தப் பேர். மொமோடோம்போங்கறது நிஜமாவே புகையுற ஒரு மலை. நடு அமெரிக்காவுல நிகரகுவாங்கற நாட்டுல, மனாகுவா ஏரிக்கரையில நிக்கற எரிமலை. கிட்டத்தட்ட 1,300 மீட்டர் உயரம், பக்காவான கூம்பு. ஏரியும் மலையுமா பார்த்தா அவ்வளவு அழகு. 1900ல நிகரகுவா அரசாங்கம் புது ஸ்டாம்ப் வரிசை போட முடிவு பண்ணினப்போ, இந்தக் காட்சியைத்தான் தேர்ந்தெடுத்துச்சு. நியூயார்க்ல அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி அச்சடிச்சுக் கொடுத்துச்சு. முன்னாடி தண்ணி, பின்னாடி மலை, மலை உச்சியில இருந்து ஒரு புகைக் கொத்து. எங்க நாட்டைப் பாருங்க, எவ்வளவு கம்பீரம்னு சொல்ற மாதிரி.

அந்தப் புகைக் கொத்துதான் பிரச்சினை ஆச்சு.

அந்தக் காலத்துல அமெரிக்காவுக்கு ஒரு கால்வாய் வேணும். அட்லாண்டிக் கடலையும் பசிபிக் கடலையும் இணைக்கிற கால்வாய். பனாமாவுல ஏற்கெனவே ஒரு பிரெஞ்சு கம்பெனி 1881ல தோண்ட ஆரம்பிச்சு, மலேரியாவுலயும் மஞ்சள் காய்ச்சல்லயும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் பறிகொடுத்து, 1889ல திவால் ஆகியிருந்தது. சூயஸ் கால்வாயைக் கட்டின லெசெப்ஸ்தான் அதுக்கும் தலைவர். அதனால அமெரிக்காவுல பெரும்பாலானவங்க நிகரகுவாவையே விரும்பினாங்க. அங்க சான் ஹுவான் ஆறு இருக்கு, நிகரகுவா ஏரின்னு கடல் மாதிரி ஒரு ஏரி இருக்கு. இயற்கையே பாதி வேலையை முடிச்சு வச்சிருக்கு. 1902 ஜனவரியில அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை நிகரகுவா வழிக்கு ஓட்டுப் போட்டுச்சு. எத்தனைக்கு எத்தனை தெரியுமா? 308க்கு 2.

இந்த இடத்துல பிலிப் புனோ வாரியான்னு ஒருத்தர் உள்ள வர்றார். பிரெஞ்சு இன்ஜினியர். பனாமாவுல திவாலான அந்தக் கம்பெனியில வேலை பார்த்தவர். கம்பெனியோட மிச்ச சொத்தை அமெரிக்கா வாங்கினா இவருக்கு லாபம், நிகரகுவா போனா எல்லாம் பூஜ்யம். ஆளு விடல. நிகரகுவாவுல எரிமலை இருக்கு, கால்வாய் வெட்டினா ஆபத்துன்னு ஊர் ஊரா பேசிட்டிருந்தார். யாரும் பெரிசா கண்டுக்கல.

1902 மே 8. கரீபியன்ல மார்டினிக் தீவுல மான்ட் பெலே எரிமலை வெடிக்குது. செயின்ட் பியர்ங்கற நகரமே சில நிமிஷத்துல எரிஞ்சு போகுது. கிட்டத்தட்ட 30 ஆயிரம் பேர் செத்துப் போறாங்க. உலகம் முழுக்க பேப்பர்ல எரிமலைதான் பேச்சு. நிகரகுவாவுல மொமோடோம்போவும் பொங்குதுன்னு செய்தி வருது. நிகரகுவா தரப்பு அதை மறுக்குது: எங்க ஊர்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் அமைதி.

புனோ வாரியாவுக்கு அப்போ அந்த ஸ்டாம்ப் ஞாபகம் வருது. வாஷிங்டன்ல ஸ்டாம்ப் விக்கிற கடை கடையா ஏறி இறங்கி 90 ஸ்டாம்ப் வாங்கறார். ஏன் 90? அன்னிக்கு அமெரிக்காவுல 45 மாநிலம், மாநிலத்துக்கு ரெண்டு செனட்டர். ஒவ்வொரு ஸ்டாம்பையும் ஒரு தாள்ல ஒட்டி, கீழ ஒரு வரி எழுதி ஒவ்வொரு செனட்டருக்கும் அனுப்பறார். இந்தா பாருங்க, நிகரகுவா அரசாங்கமே கொடுத்த சாட்சிங்கற அர்த்தத்துல ஒரு வரி. வாதாட வேண்டியதே இல்ல. மறுக்கறது ஒரு அரசாங்கம், மலை புகையற படத்தை அச்சடிச்சதும் அதே அரசாங்கம்.

ஜூன் 19ஆம் தேதி செனட்ல ஓட்டெடுப்பு. பனாமா பக்கம் 42, நிகரகுவா பக்கம் 34.

இந்தக் கதையைச் சொல்றவங்க பல பேர் "ஒரு ஸ்டாம்ப் பனாமா கால்வாயைக் கொண்டுவந்தது"ன்னு முடிச்சுடுவாங்க. கேக்க நல்லா இருக்கும், ஆனா அதை நான் அப்படியே சொல்ல மாட்டேன். பிரெஞ்சு கம்பெனி தன்னோட விலையை 10 கோடி டாலருக்கு மேல இருந்து 4 கோடியாக் குறைச்சிருந்தது. மார்க் ஹன்னாங்கற செல்வாக்கான செனட்டர் பனாமாவுக்காகப் பேசினார். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் அந்தப் பக்கம் சாஞ்சிட்டார். ஸ்டாம்ப் கடைசித் தள்ளு மட்டும்தான். அதோட மொமோடோம்போ இருக்கற இடம், கால்வாய் போக இருந்த வழியில இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி. அது அந்த ஸ்டாம்புல தெரியாதே. ஸ்டாம்புல மலையும் தண்ணியும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு, அவ்வளவுதான்.

ஒரு சின்ன உபரித் தகவல். அடுத்த வருஷம் பனாமா கொலம்பியாவுல இருந்து பிரிஞ்சு தனி நாடாச்சு. அந்தப் புது நாட்டு சார்பா அமெரிக்காவோட கால்வாய் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது யார்? ஒரு பனாமாக்காரரும் இல்ல. நம்ம புனோ வாரியாதான். 1914 ஆகஸ்ட்ல கால்வாய் திறந்தாங்க. நிகரகுவா ஏரியில இன்னிக்கு வரைக்கும் அப்படி ஒரு கால்வாய் வரல.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

பிரிட்டிஷ் காலத்துல ரொம்ப நாள் நம்ம ஸ்டாம்புல ராஜா ராணி தலை மட்டும்தான். 1930கள்லதான் கட்டடங்கள் வர ஆரம்பிச்சுது. 1935ல ஐந்தாம் ஜார்ஜோட வெள்ளி விழாவுக்கு போட்ட வரிசையில ராமேஸ்வரம் கோயில் இருக்கு. ஆனா ராஜா முகமும் கூடவே இருக்கும். சுதந்திரத்துக்கு அப்புறம், 1949ல, சிற்பங்களும் கோயில்களும். 1955 ஜனவரி 26ல வந்த ஐந்தாண்டுத் திட்ட வரிசையில விஷயம் மாறுது. டிராக்டர், தறி, அணை, சித்தரஞ்சன் ரயில் இன்ஜின் தொழிற்சாலை, சிந்த்ரி உரத் தொழிற்சாலை. நேரு காலத்து இந்தியா தன்னைப் பத்தி எழுதின பயோடேட்டா மாதிரி இருக்கும்.

இவ்வளவு தொழிற்சாலைக்கு நடுவுல சில இயற்கைக் காட்சிகளும் இருக்கு. அதுல ஒண்ணு 14 அணா ஸ்டாம்ப், காஷ்மீர் நிலக்காட்சி. இன்னொண்ணு 1 ரூபாய் 2 அணா ஸ்டாம்ப், கன்னியாகுமரி. வரைபடத்தோட உச்சியும் பாதமும். காஷ்மீர் அழகுங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. ஆனா 1947-48 போர் முடிஞ்சு ஆறே வருஷம் ஆன நேரத்துல அந்தப் படத்தைப் போட்டு 'இந்தியா'ன்னு அச்சடிச்சா, அது வெறும் அழகுக்காகன்னு எடுத்துக்க முடியுமா? 1960ல பாகிஸ்தானும் தன் பங்குக்கு ஒரு ஸ்டாம்ப் போட்டுச்சு. அதுல வரைபடத்துல காஷ்மீருக்குத் தனி நிறம், அதன் நிலை இன்னும் முடிவாகலைன்னு எழுத்து. ரெண்டு நாடும் ஒரே நிலத்துக்கு ஸ்டாம்ப் போட்டு வாதாடிக்கிட்டு இருந்தாங்க. கடிதம் போடறவங்க நாக்கால நக்கி ஒட்டிட்டு அவங்க வேலையைப் பார்த்திருப்பாங்க.

இப்போ மாமா காட்டின அந்த 2006 இமயமலை ஏரிகள் வரிசைக்கு வாங்க. அஞ்சு ஏரி: சேலா, சாங்கு, ரூப்குண்ட், சந்திரதால், சோ மொரிரி. சின்ன வயசுல அஞ்சும் ஒரே மாதிரி தெரிஞ்சுது. நீலம், வெள்ளை, நீலம். இப்போ ஒவ்வொண்ணையும் தேடித் தேடிப் படிச்சா, அஞ்சுலயும் அமைதியான ஏரி ஒண்ணு தேறல.

சேலா அருணாசலப் பிரதேசத்துல, 4,000 மீட்டருக்கு மேல இருக்கற கணவாய்ல இருக்கு. 1962 நவம்பர் சீனப் போர்ல நம்ம ராணுவம் அங்கதான் தடுத்து நிறுத்தணும்னு திட்டம் போட்டாங்க. ஆனா சேலாவுல இருந்து பின்வாங்க வேண்டியதாப் போச்சு. அந்தப் போர்ல ரொம்ப வலிச்ச அத்தியாயங்கள்ல அது ஒண்ணு. சாங்கு சிக்கிம்ல, காங்டாக்ல இருந்து நாதுலா போற வழியில இருக்கு. நாதுலா எல்லை வணிகம் 44 வருஷம் மூடிக் கிடந்து, திறந்தது 2006 ஜூலை 6. ஸ்டாம்ப் வந்ததும் அதே வருஷம். சந்திரதால் இமாச்சலத்துல. அங்க இருந்து வெளியேறுற தண்ணி சந்திரா ஆத்துல சேருது, அது பாகாவோட கலந்து செனாப் ஆகுது. 1960 சிந்து நதி ஒப்பந்தப்படி அந்தத் தண்ணியில பெரும்பங்கு பாகிஸ்தானுக்கு. 2025 ஏப்ரல்ல இந்தியா அந்த ஒப்பந்தத்தை நிறுத்தி வைக்கறதா அறிவிச்சது உங்களுக்கே தெரியும். சோ மொரிரி லடாக்ல, சாங்பா மேய்ச்சல்காரங்க பஷ்மினா ஆடு மேய்க்கற பூமி.

ரூப்குண்ட் கதையைக் கொஞ்சம் நின்னு சொல்லணும். உத்தராகண்ட்ல 5,000 மீட்டர் உயரத்துல சின்னக் குட்டை அது. 1942ல ஒரு வனத்துறை ரேஞ்சர் அங்க போனப்போ, கரையிலயும் தண்ணிக்குள்ளயும் எலும்புக்கூடுகளைப் பார்த்தார். நூத்துக்கணக்கான மனுஷங்களோட எலும்பு. ஜப்பான் படையெடுப்பு, தொலைஞ்சு போன ராணுவம், யாத்திரைக் கூட்டம்னு பல கதை கிளம்புச்சு. ஆலங்கட்டி மழையில மாட்டி ஒரே நேரத்துல செத்தாங்கன்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாங்க. 2019ல 38 பேரோட எலும்புல இருந்து மரபணு எடுத்துப் பார்த்தாங்க. 23 பேர் தெற்காசிய வம்சாவளி, அவங்களே வேற வேற காலத்துல செத்தவங்க. அது எதிர்பார்த்ததுதான். ஆனா 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதி வம்சாவளி. கிரீஸ், க்ரீட் பக்கம். ஒருத்தர் தென்கிழக்காசியா. அந்த 14 பேர் செத்தது சுமார் 1800ஆம் வருஷ வாக்குல. அவங்க எப்படி அங்க வந்தாங்கன்னு விடை இல்ல. ஸ்டாம்புல பனியும் பாறையும் நீலத் தண்ணியும்தான். அஞ்சு ரூபாய் ஸ்டாம்புல எலும்பைப் போட முடியுமான்னு கேட்டா நியாயம்தான், யாரும் வீட்டுக்குக் கடிதம் போட மாட்டாங்க.

அருவி வரிசையும் அப்படித்தான். ஜோக் அருவிக்கு மேல லிங்கனமக்கி அணை வந்தது 1964ல. அதுக்கப்புறம் நாலு தாரையும் முழுசா விழறதைப் பார்க்க பருவமழை வரணும், அணையில தண்ணி மிஞ்சணும். அதிரப்பள்ளிக்கு ஸ்டாம்ப் போட்ட காலத்துலயே அங்க 163 மெகாவாட் நீர்மின் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராடிட்டு இருந்தாங்க. காடர் பழங்குடி மக்கள் வாழற காடு அது. ஒரு அரசாங்கம் அருவியை அழகுன்னு ஸ்டாம்ப் போடுது, இன்னொரு அரசாங்கம் அதே அருவிக்கு மேல அணை கட்டணும்னு கோப்பு நகர்த்துது. ரெண்டும் ஒரே தபால்ல போயிருந்தாலும் ஆச்சரியமில்ல.

இப்போ மாமாவோட கேள்வி.

ஒகேனக்கல்ல காவிரிதான் எல்லை. இந்தக் கரை தருமபுரி மாவட்டம், அந்தக் கரை கர்நாடகாவோட சாம்ராஜ்நகர் மாவட்டம். கொஞ்சம் மேல பிலிகுண்டுலுன்னு ஒரு இடம் இருக்கு. நியூஸ்ல கேட்டிருப்பீங்க. கர்நாடகா தமிழ்நாட்டுக்கு எவ்வளவு தண்ணி விடுதுன்னு மத்திய நீர்வள ஆணையம் அளக்கற இடம். 2018ல உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டிஎம்சி கணக்கு அங்கதான் பார்க்கப்படுது. அங்க அளந்த தண்ணி அடுத்து வந்து விழற இடம்தான் நாம செல்ஃபி எடுக்கற இடம்.

கீழ என்ன இருக்கு? மேட்டூர். 1934ல திறந்த ஸ்டான்லி நீர்த்தேக்கம், 93.47 டிஎம்சி. 120 அடி நிறைஞ்சா தேங்குற தண்ணி ஒகேனக்கல் பக்கம் வரைக்கும் எட்டும். ரெண்டு பக்கமும் மலை, நடுவுல கண்ணுக்கு எட்டின தூரம் தண்ணி. மலை ஏரி ஸ்டாம்ப் வேணும்னா இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஆனா தண்ணி வத்தினா பண்ணவாடி பக்கம் முழுகின ஊர்களோட கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளிய வரும். ஒவ்வொரு கோடையிலயும் பேப்பர்ல போட்டோ வரும், பார்த்திருப்பீங்க.

இவ்வளவு தண்ணி பக்கத்துல ஓடுது. ஆனா அந்த ஆத்துக்குப் பக்கத்து மாவட்டம் குடிச்சது போர்வெல் தண்ணி. தருமபுரி, கிருஷ்ணகிரி பாறையில ஃப்ளோரைடு கலந்த தாதுக்கள் இருக்கு. ஆழமா போர் போட்டா, அந்தப் பாறையோட ரொம்ப நாள் உறவாடின தண்ணி மேல வருது. ஒரு லிட்டர்ல 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃப்ளோரைடு இருக்கற தண்ணியைச் சின்ன வயசுல இருந்து குடிச்சா, பல் முளைக்கும்போதே கறையோட முளைக்கும். மஞ்சள், பழுப்பு, சில பேருக்குக் கோடு கோடா. தேய்ச்சா போகாது, பல்லுக்குள்ளயே இருக்கற நிறம் அது. அளவு இன்னும் அதிகமா, வருஷக்கணக்கா போனா எலும்புக்கு இறங்கும். மூட்டு இறுகும், முதுகு வளையும்.

எங்க அம்மா பென்னாகரம் பக்கத்துக் கிராமம். அவங்க கல்யாண ஆல்பத்துல ஒரு போட்டோவுலகூட வாய் திறந்து சிரிச்சிருக்க மாட்டாங்க. சின்னப்ப கூச்சம்னு நினைச்சேன். அவங்க ஸ்கூல்ல கூடப் படிச்ச பிள்ளைங்க எடுத்த குரூப் போட்டோ ஒண்ணு இருக்கு. முப்பது பேருக்கு மேல. ஒரு பல்கூட தெரியாது. எங்க ஆயா கடைசி பத்து வருஷம் நிமிர்ந்து நின்னு நான் பார்த்ததில்ல. வயசானா அப்படித்தான்னு ஊர்ல சொல்லிக்கிட்டாங்க. அவங்களுக்கு அப்போ அறுபதுகூட ஆகல.

இதுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். காவிரியில இருந்து தண்ணி எடுத்து, சுத்திகரிச்சு, ரெண்டு மாவட்டத்துக்கும் குழாய்ல கொடுக்கறது. தேவை 1.4 டிஎம்சி. மேட்டூரோட 93.47 பக்கத்துல வச்சுப் பாருங்க, எவ்வளவு சின்ன அளவுன்னு தெரியும். 1998லயே மத்திய அரசு முன்னிலையில கர்நாடகாவும் ஆட்சேபம் இல்லைன்னு ஒத்துக்கிட்ட விஷயம். பத்து வருஷம் கழிச்சு, 2008 பிப்ரவரி 26ல, முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பான் கடன் உதவி.

அந்த நேரம் கர்நாடகாவுல தேர்தல் நெருங்கிட்டு இருந்துச்சு. மார்ச்ல எடியூரப்பா தன் ஆளுங்களோட ஒகேனக்கல்லுக்கே வந்தார். இந்த இடமே யாருதுங்கற கேள்வி கிளம்புச்சு. பெங்களூருல தமிழ்ப் படம் ஓடின தியேட்டர்கள் மேல தாக்குதல், பஸ் நின்னு போச்சு. ஏப்ரல் 4ல சேப்பாக்கத்துல தமிழ் சினிமாக்காரங்க எல்லாரும் உண்ணாவிரதம். எனக்கு அப்போ பத்து வயசு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், பெங்களூருல இருந்த சித்தப்பா லீவுக்கு வர முடியலங்கறதுதான். மாமா டிவி முன்னாடி உட்கார்ந்துகிட்டு என்னைப் பார்த்து, "எந்தக் கரையில நின்னு படம் எடுப்பாங்கன்னு கேட்டேன்ல?"ன்னார். அடுத்த நாளே திட்டத்தைக் கர்நாடகாவுல புது அரசு வர்ற வரைக்கும் தள்ளி வைக்கறதா கருணாநிதி அறிவிச்சார். இங்க அதுக்கும் கடுமையான திட்டு. ரெண்டு பக்கமும் தண்ணியைப் பத்திப் பேசினவங்க அதிகம், பல்லைப் பத்திப் பேசினவங்க ரொம்பக் கம்மி. கன்னடக்காரங்க மேல மட்டும் நான் கோபப்பட மாட்டேன். நம்ம பக்கத்து மேடைகள்லயும் 'உரிமை'ங்கற சொல் நூறு தடவை வந்துச்சு. 'ஃப்ளோரோசிஸ்'ங்கற சொல்லை எங்க வீட்டு டிவியில நான் கேட்டதா ஞாபகமே இல்ல.

அப்புறம் வேலை நடந்துச்சு. 2013 மே 29ல முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் திறந்து வச்சார். 1,928.80 கோடி ரூபாய். எங்க கிராமத்துக் குழாய்ல இப்போ காவிரித் தண்ணி வருது. தினமும் இல்ல, கோடையில இன்னும் தகராறுதான், அப்போ திரும்பவும் போர்வெல் மோட்டாரைப் போடறாங்க. ஆனா என் மாமா பேத்திக்கு முளைச்ச புதுப் பல் வெள்ளையா இருக்கு. அவ எந்த போட்டோவுலயும் வாயை மூட மாட்டேங்கறா.

போன மாசம் போனப்போ ஒரு யோசனையோடதான் போனேன். தபால் துறையில 'மை ஸ்டாம்ப்'னு ஒரு திட்டம் இருக்கு. நம்ம போட்டோ கொடுத்தா, 300 ரூபாய்க்கு 12 ஸ்டாம்ப் உள்ள ஒரு தாள் போட்டுத் தருவாங்க. மாமாவுக்கு இப்போ எழுபது தாண்டியாச்சு. அவர் ஆல்பத்துல அந்த அருவிப் பக்கத்துக்கு அடுத்து ஒரு ஒகேனக்கல் வச்சுத் தரலாம்னு நினைச்சேன்.

பரிசல்காரர்கிட்ட நல்ல போட்டோ வேணும்ணேன்னு சொன்னேன். அவர் துடுப்பால ஒரு தள்ளு தள்ளி, நடு ஆத்துல பரிசலைத் தட்டாமாலை சுத்த விட்டார். தெரியும்ல, அந்தச் சுத்துல எல்லாரும் கத்துவாங்க. நான் போனை நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிட்டு பட்டனை அமுக்கிட்டே இருந்தேன். நாப்பது போட்டோ. பாதி மங்கல். ஒண்ணு மட்டும் பிரமாதமா வந்திருக்கு: பாறை, வெள்ளைத் தண்ணி, சாரல் நிஜமாவே புகை மாதிரி, பின்னாடி மலை. ஆனா எந்தக் கரையைப் பார்த்து எடுத்ததுன்னு எனக்குத் தெரியல. பரிசல்காரர்கிட்ட காட்டினேன். அவர் போனை ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "பாறைதானே சார், ரெண்டு பக்கமும் அதேதான்"ன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் உத்துப் பார்த்தாங்க.

"இது அந்தப் பக்கம்டா"ன்னாங்க. "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு. மாமாகிட்ட சொல்லாத."